பாசிக்காரப் பெண்களின் கோப்பு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். தேசியப் பூங்காவாக வனத்துறையின் கையில் இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், வன உரிமைச் சட்டத்தின்கீழ் வைத்த உரிமைக் கோரிக்கைக்கான சான்றுக் கோப்பு கிராம சபையில் வைக்கப்பட்டுவிட்டது. அது இனித் துணைக்கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று படியேற வேண்டும். முடிவு வர நாளாகும். அதுவரை நன்றியைக் கடனாக வைத்திருக்க மனமில்லாமல் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி கிளை நூலகருக்கு. தமிழ்நாட்டின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. வீட்டு வரி கட்டும்போது அதன் மேல் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். அப்படிக் கட்டியும், 'அது படிச்சவங்க போற இடம்' என்று வாசலோடு நின்ற பெண்களை உள்ளே அழைத்து நாற்காலி போட்டவர் அவர். தகவல் உரிமைச் சட்ட மனு எழுத மாலை நேரத்தில் ஒரு மேசையும் ஒதுக்கித் தந்தார். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும் என்பதைவிட, என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததுதான் பெரிது. 'எங்களை ஏன் தடுக்கிறீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் கையிருப்பில் உள்ள ஆவணத்தைத்தான் தரும், விளக்கம் தராது. 'இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரையிலான இன்ன பதிவேட்டின் நகல்' என்று கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தவறினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தத் தேதிகளை நூலகச் சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தவரும் அவரே. நாள் தப்பிப்போய் வீணாகும் மனுக்கள்தான் அதிகம்.

அடுத்து, 1930 என்ற ஆண்டைப் பிடிக்க உதவியவர்கள். வன உரிமைச் சட்டம், 2006இன்படி பழங்குடியல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முந்தைய 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இந்தக் கடலோரத்தில் பாசி வியாபாரம் பெரிதாகத் தொடங்கியது 1960களின் நடுவில். ஆகவே பாசி ஏஜெண்டு கொடுத்த எடைச் சீட்டுகளை எத்தனை அடுக்கினாலும் 1930ஐ எட்டாது. அவை தொழிலுக்குச் சான்று, குடியிருப்புக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் கோப்பு முதல் கேள்வியிலேயே சரியும். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும், பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் திறந்து காட்டியவர்களால்தான் அந்தப் பள்ளம் நிரம்பியது. மற்றக் குடும்பங்களின் வரிகளை வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டே படமெடுக்க வேண்டும் என்று ஜமாஅத் பெரியவர் வைத்த நிபந்தனை மிகச் சரியானது. அதையே எல்லா இடத்துக்கும் விதியாக வைத்துக்கொண்டோம்.

வன உரிமைச் சட்டத்துக்கான விதிகளில் 13ஆவது விதி ஒன்றுக்கு மேற்பட்ட சான்றைப் பார்க்கச் சொல்கிறது. கோரிக்கை வைக்காத பெரியவர்களின் வாக்குமூலமும் அதில் அடங்கும். ஆனால் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆத்தாமார்களிடம் 'எந்த வருஷம்?' என்றால் திகைப்பார்கள். 'புயலுக்கு முந்தியா, பிந்தியா?' என்றால் உடனே பதில் வரும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல் இங்கே எல்லாருக்கும் தெரிந்த அடையாளக்கல். அப்போது என்ன வயசு, கல்யாணம் ஆகிவிட்டதா, தாயோடு எந்தத் தீவுக்குப் போனீர்கள் என்று அதிலிருந்து பின்னோக்கி நடக்கலாம். இந்த வழியைக் காட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நன்றி. ஒலிப்பதிவில் கடற்காற்று விழாமலிருக்க, காற்றடிக்காத பக்கத்து அறையில், மின்விசிறியை நிறுத்தி, மடித்த துண்டின் மேல் போனை வைத்துப் பேசவைத்தார். எழுதியதை வாசித்துக் காட்டி, திருத்தச் சொல்லி, அதன் பிறகே கைநாட்டு வாங்கினார். வேர்க்கும் அந்த அறையில் பொறுமையாக உட்கார்ந்த ஆத்தாமார்களை என்ன சொல்லிப் பாராட்டுவது?

ஐஸ் கம்பெனிக்காரருக்குச் சொல்ல வேண்டிய நன்றி தனி. ஐப்பசி மழையோடு கடல்நீரும் ஏறி ஒரு டிரங்குப் பெட்டி முழுகியபோது, அதிலிருந்த சீட்டுகளும் ரசீதுகளும் களிபோல ஒட்டிக்கிடந்தன. நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் உலர்த்த இடமில்லை. கைப்பிடி அளவுக் கட்டுகளாகப் பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, மீன் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்தால் பூஞ்சை தாமதப்படும். உருகிய நீர் பைக்குள் போகாதிருக்கத் தினமும் வடித்து, புது ஐஸ் போட்டுத் தந்தார். கடல்நீர் பட்ட தாளை அப்படியே காயவைக்கவும் கூடாது. உள்ளே தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தாள் காய்ந்தது போலிருந்து மறுபடி நசநசக்கும். அதனால் தட்டில் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அதற்கு முன் ஈரப்பஞ்சால் ஓர் ஓரத்தைத் தொட்டு மை கரைகிறதா என்று பார்க்க வேண்டும். கரையும் மையென்றால் அலசாமல் முதலில் படமெடுக்க வேண்டும். குடம் தண்ணீரைக் காசுக்கு வாங்கும் தெருவில், இதற்காகக் கணக்குப் பார்க்காமல் குடங்களை இறக்கிவைத்த வீடுகளை மறக்க மாட்டோம். வெயிலில் போடாமல் நிழலில், வலையைக் கட்டி அதன் மேல் தாள்களைப் பரப்பிக் காயவைத்த பிள்ளைகளுக்கும் நன்றி.

ஜெராக்ஸ் கடைத் தம்பி லேமினேஷன் வேண்டாம் என்று சொன்னதும் பேருதவி. தொழில்படி பார்த்தால் அவருக்கு அது நட்டம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது, ஈரம் உள்ளே மாட்டினால் அங்கேயே அழுகும். ஸ்டேப்ளர் பின்னும் உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் துருவாகித் தாளைத் தின்றுவிடும். பருத்தி நூலால் கட்டினால் போதும்.

சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கடலோர உயிரினங்கள் பற்றி 1927இல் வெளியிட்ட ஆய்விதழைத் தேடித் தந்த ஊழியருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அதைக் கையில் வாங்கியதும் சான்று கிடைத்துவிட்டது என்று ஆசை வருவது இயல்பு. 'இது பிராணிகளைப் பற்றிய நூல். மனிதர்கள் பாசி எடுத்ததற்குச் சாட்சி இல்லை' என்று அவரே எச்சரித்தார். தீவுப் பெயரை உறுதிசெய்ய மட்டும் பயன்படுத்தினோம். ஆங்கில வரைபடத்தில் 'ஹேர்' என்றிருப்பது பெண்கள் சொல்லும் முயல் தீவு. பெயர் பொருந்தாவிட்டால் வாக்குமூலமும் வரைபடமும் வெவ்வேறு இடத்தைப் பேசுவதாகிவிடும்.

வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்துத்தான் குறித்தோம். பாசி அடர்ந்த பாறைகளைப் புள்ளியாகக் காட்டாமல், போய்வரும் பரப்பை மட்டும் கோடிட்டோம். கோப்பு பல கைகளுக்குப் போகும். எந்தப் பாறையில் என்ன விளைகிறது என்பது அந்தப் பெண்களின் சொத்து. அதை வற்புறுத்திச் சொன்ன அக்காமார்களுக்கு நன்றி.

மூலத் தாள்கள் எல்லாம் வீடு வீடாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. நகலின் ஒரு படி நூலக அலமாரியிலும், இன்னொன்று கடலிலிருந்து தள்ளி உள்ளூரில் ஒரு வீட்டிலும் இருக்கும். இன்னும் வாங்காதவர்கள் ரசீதுத் துண்டோடு மாலையில் நூலகத்துக்கு வாருங்கள். துண்டு தொலைந்திருந்தாலும் வாருங்கள், பெயரைச் சொன்னால் நூலகர் எடுத்துத் தருவார்.

இப்படிக்கு,
சான்றுக் கோப்பைத் தொகுத்தவர்கள்,
இராமநாதபுரம் கடற்கரை