எந்த வருஷத்து அலி?

ஆசிரியருக்கு வணக்கம். குத்துச்சண்டையில முகமது அலியும் மைக் டைசனும் மோதினா யாரு ஜெயிப்பாங்கன்னு கேட்கிறவங்க எந்த வருஷத்து அலின்னு சொல்றதே இல்ல, 1966ல ஹூஸ்டன்ல கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ மூணே ரவுண்டுல முடிச்சாரே அந்த அலி வேணும், எதிர்ல 1988ல ஸ்பிங்க்ஸ 91 செகண்ட்ல சாய்ச்ச டைசன் நிக்கணும். அலி கைய இடுப்புக்கிட்ட தொங்கவிட்டு தலைய மட்டும் பின்னால இழுப்பாரு பாருங்க, அங்கதான் எனக்கு பயம், 1963ல கூப்பரும் 1971ல ஃபிரேசியரும் லெஃப்ட் ஹூக்லதான் (இடது கைய வளைச்சு பக்கவாட்டுல விடுற குத்து) அவர கீழ தள்ளினாங்க, டைசனோட லெஃப்ட் ஹூக்கும் லேசுப்பட்டது இல்ல. ஆனா ரெண்டு தடவையும் அலி எந்திரிச்சிட்டாரே! 1990ல டோக்கியோல டக்ளஸ் ஜாப் (முன்னால இருக்கிற கைய நேரா நீட்டி விடுற குத்து) போட்டுப் போட்டே டைசன தள்ளி நிறுத்தி பத்தாவது ரவுண்டுல சாய்ச்சாரு, அலியோட ஜாப் அதவிட வேகம். முதல் நாலு ரவுண்ட தாண்டிட்டா அலிதான், அதுவும் பத்துக்குள்ள.

- ஒரு வாசகர்