தங்கச்சி கொடுத்தது ஈரல், மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தது

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் ஈரல் மாற்று ஆபரேஷன் முடிந்ததிலிருந்தே எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கைதான் ஒத்துழைக்கவில்லை. நடுக்கம், மாத்திரையால் வந்தது. இப்போதுதான் போனில் ஒழுங்காகத் தட்ட முடிகிறது.

எனக்கு வந்தது சிரோசிஸ், கல்லீரல் சுருக்கம். ஒரு சொட்டு குடித்தவன் இல்லை, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து பல வருஷமாகச் சத்தமில்லாமல் ஈரலைத் தின்றிருக்கின்றன. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை, 'யாருக்கும் தெரியாம ஊத்தியிருப்பான்' என்றார்கள். அவர்களிடம் என் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்ட எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் முதல் நன்றி. அப்புறம் அந்த ஆட்டோ தம்பிக்கு. ஈரல் வடிகட்டாத அமோனியா மூளைக்கு ஏறி, பெற்ற மகன் பெயரையே மறந்து நான் உளறிய ராத்திரிகளில் கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் வாசலில் நின்றவன், ஒரு தடவைகூட மீட்டர் கணக்குப் பேசாதவன்.

இறந்தவர் ஈரலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம், என் உடம்பு அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரிக்கு ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், 'நான் தர்றேன் மச்சான்' என்று நின்றார், ஆனால் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் சொல்லும் நெருங்கிய உறவுப் பட்டியலில் மச்சினன் இல்லை. உடன்பிறந்தவர் உண்டு. சரி, தங்கச்சிதான் என்று நிரூபிக்க வேண்டுமே? ரேஷன் கார்டு, ஆதார், டிசி, அவள் கல்யாணத்தில் நான் பக்கத்தில் நிற்கும் போட்டோ, இத்தனையும் கேட்டார்கள். பூட்டிக் கிடந்த பழைய ஸ்டூடியோவைத் திறந்து ஆல்பத்தைத் தேடிக் கொடுத்த அண்ணனை மறக்க மாட்டேன்.

இதில் நான் அதிகம் கடன்பட்டிருப்பது ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று வேலைகளைப் பார்த்துக்கொண்ட கோ-ஆர்டினேட்டர் மேடத்துக்கு. தங்கச்சியைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், நானும் இல்லாமல், அவள் வீட்டுக்காரரும் இல்லாமல், ஒரு மணி நேரம் பேசினார். ஈரலின் வலப்பக்கத்தை வெட்டிக் கொடுப்பவர்களில் ஆயிரத்தில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு உயிருக்கே ஆபத்து உண்டு என்பதை மறைக்காமல் சொன்னார். வேண்டாம் என்று தோன்றினால் அழ வேண்டாம், சண்டை போட வேண்டாம், 'உங்க ஈரல் பொருந்தலைன்னு நாங்களே உங்க வீட்ல சொல்லிடுவோம், வேற யாருக்கும் காரணம் தெரியாது' என்றாராம். ஊரில் பத்துப் பேர் சுற்றி நின்று 'அண்ணனுக்குத் தானே' என்று ஒரு பெண்ணைத் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், அதில் நானும் ஒரு ஆளாக இருந்திருப்பேன். மேடம், நீங்கள் அவளுக்குத் திறந்து வைத்த கதவுதான் இன்றைக்கும் என்னை அவள் முகத்தைப் பார்க்க விடுகிறது.

அவளுக்கும் லேசாக ஈரலில் கொழுப்பு இருந்தது. ஆறு வாரம் சோற்றைப் பாதியாக்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய லாரி இறங்குவதற்கு முன்னாலேயே எழுந்து நடந்து ஐந்து கிலோ இறக்கினாள். கூடவே நடந்த கமிஷன் மண்டிப் பெண்களுக்குக் கும்பிடு. அப்புறம் சிடி ஸ்கேனில் ஈரலை எடை போட்டார்கள், தராசே இல்லாமல். என் எடை 71 கிலோ, எனக்கு வைக்கும் ஈரல் அதில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும், அதாவது 568 கிராம். அவளுடைய வலப்பக்கம் 660. அவளுக்கு மிஞ்சுவது அவள் முழு ஈரலில் 30 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, 37 இருந்தது. இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மாவுக்குப் புரிய வைத்தவர் ஒரு இளம் டாக்டர். 1998இல் டெல்லியில் அப்பாவிடம் ஈரல் வாங்கிப் பிழைத்த காஞ்சிபுரத்துக் குழந்தை இன்றைக்கு டாக்டராக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா சாப்பிட்டாள்.

பணம்: முதல்வர் காப்பீட்டுத் திட்டம் கொஞ்சம், நகை கொஞ்சம், மிச்சம் நீங்கள். மொய் நோட்டில் எழுத விடாமலேயே கையில் திணித்தீர்கள். ரத்தம் கொடுக்க ராத்திரி பஸ் பிடித்து சென்னைக்கு வந்த பதினோரு பேருக்கும், எங்கள் மாடி ரூமுக்கு மூன்று மாதம் உப்பு குறைத்துச் சமைத்து அனுப்பிய வீட்டுக்கார அம்மாவுக்கும் என்ன சொல்ல.

கேட்டவர்களுக்காக: காலை எட்டு, ராத்திரி எட்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. பம்ப்ளிமாஸ் தொடக் கூடாது, மாத்திரை அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பிரியாணி வீட்டில் செய்தால் சரி, கடையில் இப்போதைக்கு இல்லை (திண்டுக்கல்காரனுக்கு இது தனி தண்டனை). தங்கச்சிக்கு மூன்றாம் மாத ஸ்கேனில் ஈரல் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது. தழும்பு அரிக்கிறது என்கிறாள், மற்றபடி மண்டிக் கணக்கு பார்க்கிறாள்.

இந்தப் பொங்கலுக்குச் சீர் நானே கொண்டுபோனேன். வண்டியிலிருந்து கரும்புக் கட்டை இறக்கப் போனவனை மாப்பிள்ளை ஓடி வந்து பிடித்துக்கொண்டார். "தூக்காதீங்க மச்சான், எங்க வீட்டுச் சொத்து உள்ள இருக்கு."