புகை அளக்கிற இடத்தில் ஒரு விளக்கையும் பாருங்கள்

மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,
பிரதி: கிழக்கு மாகாண மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் அவர்களுக்கு.

வணக்கம். திருகோணமலையில் வாகன மின்வேலை பார்ப்பவர்கள் எழுதுகிறோம்.

வருடத்துக்கு ஒருமுறை, மின்கார்கள் தவிர, ஒவ்வொரு காரும் புகைப் பரிசோதனைக்குப் போகிறது. புகைக்குழாய்க்குள் கம்பியை விட்டு, எஞ்சினை முறுக்கி, அளந்து சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதைக் காட்டி வாகன லைசன்ஸ் எடுக்கிறோம். அவ்வளவு நேரத்திலும் டாஷ்போர்டை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மடிக்கு முன்னால் பந்தோடு உட்கார்ந்த ஆள் போன்ற எயார்பேக் எச்சரிக்கை விளக்கு விடாமல் எரிந்தாலும் கார் பாஸ்தான். அது எரிகிறது என்றால், மோதும்போது எயார்பேக் விரியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சீற் பெல்ட்டைச் சட்டென்று இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனரும் எயார்பேக்கை இயக்கும் அதே கணினியின் கட்டளைக்குத்தான் காத்திருக்கிறது. முன்சீற்றில் பெல்ட் போடுவதை 2011 முதல் கட்டாயமாக்கி வைத்திருக்கிறோம். பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய மற்றப் பாதியை யாரும் கேட்பதில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: புகை அளப்பவர் அந்த விளக்கையும் பார்த்து எழுதட்டும். புதுமையான யோசனை அல்ல. பிரித்தானியாவின் வருடாந்தச் சோதனையில் 2013 முதல் இந்த விளக்கு அணையாவிட்டால் கார் பெயில்.

பார்ப்பது சுலபம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஓன் நிலைக்குத் திருப்ப வேண்டும். பட்டன் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தரம் அழுத்த வேண்டும். எயார்பேக் விளக்கு எரிந்து, ஆறேழு செக்கனில் தானாக அணைய வேண்டும். ஒயில் விளக்கும் பற்றரி விளக்கும் அப்போதும் எரிந்தபடி இருக்கும். எஞ்சின் ஓடாததால் அவை அணையக் கூடாது. எயார்பேக் விளக்கு எரியவே இல்லையா? பல்பு செத்திருக்கும், அல்லது அதைக் கழற்றியிருப்பார்கள், அல்லது மேலே கறுப்பு ரேப் ஒட்டியிருப்பார்கள். ஒயில் விளக்கோடு சேர்ந்தே எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் சேர்ந்தே அணைகிறதா? அதன் வயரை ஒயில் விளக்கோடு முடிந்துவிட்டிருக்கிறார்கள். பழைய கார்களில் இது சர்வசாதாரணம்.

புதிய கார்களில் தந்திரம் வேறு. எயார்பேக்கின் சுற்றில் சுமார் 2 ஓம் தடை இருக்கும். கணினி அதை அளந்துகொண்டே இருக்கிறது. வெடித்த எயார்பேக்குக்குப் பதிலாக அதன் வயர் வந்து சேரும் மஞ்சள் கனெக்ரரில் அதே அளவு தடையுள்ள ஒரு ரெசிஸ்ரரைச் செருகினால் கணினி ஏமாந்துபோகும். விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், கோளாறுக் கோட்களைப் படிக்கும் ஸ்கேனரும் சுத்தம் என்று சொல்லும். மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். இந்த வேலையை விளக்குப் பரிசோதனையால் பிடிக்க முடியாது. எனவே ரெசிஸ்ரர் வைப்பதைத் தனிக் குற்றமாக அறிவிக்க வேண்டும். நாலு காசுக்காக இதைச் செய்து கொடுக்கும் கராஜ்காரரும் எங்கள் தொழில்காரர்தான் என்பது தெரிந்துதான் எழுதுகிறோம்.

நேர்மையாக எரிகிற விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பாதிக்குக் காரணம் சீற்றுக்கு அடியிலேயே கிடக்கிறது. அங்கே மஞ்சள் கனெக்ரர்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். திருகோணமலையில் அவற்றுக்கு மூன்று எதிரிகள்: உப்புக்காற்று, நிலாவெளி மணல், மாரி வெள்ளம். கார்பெற் ஒருமுறை நனைந்தால் பின்கள் பச்சை பூத்துவிடும். சீற்றுக்குக் கீழே குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் தள்ளுகிறவர்கள் வயரை இழுத்துத் தளர்த்திவிடுகிறார்கள். இதற்கு மருந்து கொன்ராக்ற் கிளீனரும் புதுக் கனெக்ரரும். வயரை வெட்டி முறுக்கி ரேப் சுற்றுவது அல்ல. அந்தக் கனெக்ரருக்குள் ஒரு சிறு தகடு இருக்கிறது, கழற்றும்போது இரு பின்களையும் சேர்த்துப் பிடித்து, தவறுதலாக வெடிக்காமல் காக்கும். முறுக்கிய வயரில் அந்தக் காவல் இல்லை.

ஸ்ரியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சுருள் கேபிள் அறுந்தாலும் விளக்கு எரியும். ஹோர்ணும் ஸ்ரியரிங் பட்டன்களும் கூடவே செத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பல டொயோட்டாக்களில் B1801 என்ற கோட் காட்டும். புதுச் சுருளை நடுவில் நிறுத்தாமல் பூட்டினால் முதல் முழு வளைவிலேயே அறுந்துவிடும்: இடப்பக்கமாக முட்டும்வரை மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து வலப்பக்கம், பல டொயோட்டாக்களில் இரண்டரைச் சுற்று, வந்து, குறிகளைப் பொருத்த வேண்டும். கைபோடுமுன் 12 வோல்ட் பற்றரியின் மைனஸைக் கழற்றி மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். கணினிக்குள் இருக்கும் கப்பாசிற்றர், பற்றரியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் எயார்பேக்கை வெடிக்க வைக்கப் போதுமான மின்சாரத்தை வைத்திருக்கும். ஓம் மீற்றரை எயார்பேக்கின் பின்னில் வைக்கவே கூடாது.

சீற்றில் பயணியை உணரும் சென்சர், பிள்ளை இருந்தால் எயார்பேக்கை நிறுத்திவிடும் என்று மக்களிடம் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. ஜப்பான் சந்தைக்கென்று செய்த சிறு கார்கள் பலவற்றில் சீற்றுக்குள் இருப்பது பெல்ட் போடச் சொல்லிக் கீச்சிடும் சுவிட்ச் மட்டும். பழப் பையை வைத்தாலும் அது கத்தும். அது எயார்பேக்கை நிறுத்தாது. அப்படியான காரின் முன்சீற்றில் குழந்தை இருக்கையைப் பின்பக்கம் பார்த்து வைத்தால், விரியும் எயார்பேக் நேரே அந்த இருக்கையின் முதுகில் அடிக்கும்.

நிறையை அளந்து எயார்பேக்கை நிறுத்தும் உண்மையான சென்சர் உள்ள கார்களில் கதை வேறு. அங்கே சீற் போல்ட்டைக் கழற்றிப் பூட்டினாலே கணக்கு மாறிவிடும். இந்தச் சென்சர் உள்ள டொயோட்டாக்களில் ஸ்கேனரால் பூச்சியத்தைத் திருத்தி, 30 கிலோ நிறையைச் சீற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். 27க்கும் 33க்கும் இடையில் காட்டினால் சரி. முன்சீற் போல்ட்டுகளைப் பல டொயோட்டாக்களில் 37 நியூட்டன் மீற்றருக்கு முறுக்க வேண்டும், கைக் கணக்குக்கு அல்ல. பஞ்சுக்கு அடியில் காற்றுப் பை அல்லது ஜெல் பை இருக்கும் வகைகளில் பஞ்சு, பை, கணினி மூன்றும் சேர்த்து அளவிட்டு வந்தவை. குஷன் கடையில் பஞ்சை மட்டும் மாற்றினால் வளர்ந்த ஆளையும் பிள்ளையென்று எண்ணி எயார்பேக்கை அணைத்துவிடக்கூடும். சில சென்சர்களுக்கு ஈரம் ஆகாது; கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிட்டு நனைந்த சாரத்தோடு முன்சீற்றில் ஏறுவதை விட்டுவிடலாம். பக்கவாட்டு எயார்பேக் உள்ள சீற்றுக்கு முழுக்கத் தைத்து மூடிய ரெக்ஸின் கவர் போடுவது, அந்தப் பையை உள்ளேயே கட்டிப்போடுவது. தைக்கிற குஷன் கடைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும்.

இன்னொன்று, விளக்கே காட்டாத ஆபத்து. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த, எயார்பேக்கை ஊத வைக்கும் இன்ஃபிளேற்றர்களில் வாயு உண்டாக்க அமோனியம் நைற்றேற் வைத்திருந்தார்கள். ஈரப்பதமும் சூடும் வருடக்கணக்கில் ஏறி இறங்க அது பொடிந்து, மோதும்போது வேகம் மீறி எரிந்து, உலோகக் குடுவையையே சிதற வைக்கும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃபிளேற்றர்களைத் திருப்பி அழைத்தார்கள். ஜப்பானில் 2018 முதல், ஆபத்து அதிகமான வகைகளை மாற்றாத கார்களுக்கு வாகனச் சோதனையில் அனுமதி இல்லை. நமது கடற்கரைக் காலநிலைதான் அதற்கு மிக மோசமானது. 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்தக் காலமெல்லாம் பழைய கார்களையே ஓட்டித் தேய்த்தோம். ஜப்பான் காரின் செசி இலக்கம் மாதிரிக் குறியீடும் அதன் பின் ஆறோ ஏழோ இலக்கமும் கொண்டது. அமெரிக்காவின் 17 எழுத்துத் தேடலில் அது கிடைக்காது. தயாரிப்பாளரின் ஜப்பானியத் திருப்பி அழைப்புப் பக்கத்தில்தான் தேட வேண்டும். பதிவுத் தரவில் எல்லாச் செசி இலக்கங்களும் திணைக்களத்திடம் இருக்கின்றன. தேடிப் பார்த்து உரிமையாளருக்கு ஒரு கடிதம் அனுப்புவதைத் திணைக்களம்தான் செய்ய வேண்டும்.

முதல் வருடமே லைசன்ஸை மறுக்கச் சொல்லவில்லை. எழுத்தில் அறிவித்து, அடுத்த வருடம் வரை தவணை கொடுக்கலாம். புகையே இல்லாத மின்கார்களை எங்கே பார்ப்பது என்பதைத் திணைக்களம் தீர்மானிக்கட்டும். மற்றவற்றுக்குப் புகைச் சான்றிதழில் ஒரு வரி போதும்:

எயார்பேக் விளக்கு: எரிந்து அணைந்தது / அணையவில்லை / எரியவே இல்லை.

இப்படிக்கு,
திருகோணமலை நகர், உப்புவெளி, சீனக்குடா வாகன மின்வேலைக்காரர்கள்