சமம் விழும்வரை பொறுங்கள்

மதிப்பிற்குரிய சபா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை நான் தபலா வாசித்த கச்சேரி உங்களுக்கே தெரியும், முழுக்க விவரிக்கப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: விளம்பித் கயால், அதாவது மிக மெதுவான நடையில் விரியும் ஹிந்துஸ்தானிப் பாட்டு, பாட வருகிறவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அன்று பாடகி எடுத்தது மார்வா ராகம், ஜூம்ரா தாளத்தில். 3, 4, 3, 4 என்று ஒரு சுற்றுக்கு 14 மாத்திரை, அதாவது தாள எண்ணிக்கை. கணக்கில் பார்த்தால் நம்ம கர்நாடக சங்கீதத்தின் ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு இரண்டு தடவை. கேட்டால் அப்படித் தோன்றாது. அவர் பாடிய காலப்பிரமாணத்தில் ஒரு மாத்திரைக்கே நாலு விநாடி, ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, முடிய 56 விநாடி. முன்வரிசையில் தொடையில் தட்ட ஆரம்பித்த மாமா இரண்டாவது சுற்றிலேயே கையை மடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. இந்த நீளத்துக்குக் காது பழக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்.

எட்டாம் மாத்திரையில் காலி, அதாவது தாளத்தின் வெற்று அடி. இடது கை வாசிக்கும் பாயாவின் கும்மென்ற நாதம் அடங்கி, வலது கை 'தின்' மட்டும் கேட்கும். பதினொன்றில் பாயா திரும்பி வந்ததும் சமம், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடி, நெருங்குகிறது என்று பாடுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்துவிடும். சரியாக அந்த இடத்தில் உங்கள் தொண்டர் குனிந்து வந்து, தபலாவுக்கும் பாயாவுக்கும் நடுவே ஒரு சீட்டை வைத்தார். 'இன்னும் 5 நிமிஷம்.' பாடகியும் பார்த்துவிட்டார். முகடா, அதாவது சமத்துக்கு இட்டுச்செல்லும் பல்லவி வரி, எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் குரல் வரவில்லை. சமத்தில் என்னுடைய 'திம்' மட்டும் தனியாக விழுந்தது. அப்புறம் அவசரமாக 16 மாத்திரைத் தீன்தாளில் ஒரு துருத் (வேகமான பாட்டு), கைதட்டல், சால்வை, தேங்காய்.

அவருக்குக் கொடுத்தது மொத்தம் 25 நிமிடம். குத்துவிளக்கு, வரவேற்பு, புரவலர் பேச்சு எல்லாம் சேர்ந்து 40 நிமிடம். ஜூம்ரா கணக்கில் கிட்டத்தட்ட 43 ஆவர்த்தனம். ஒரு தடவைகூட சமம் வரவில்லை. அங்கே யாரும் சீட்டு வைக்கவும் இல்லை. மார்வா அந்தி நேரத்து ராகம். பேச்சு முடிந்தபோது வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

"ஒரே இழுவையா இருக்கு, ஜனங்க எழுந்து போயிடுவாங்க" என்றார் செயலாளர். ஹிந்துஸ்தானிப் பாடகர் அமீர் கான் இதே மார்வாவை இதே ஜூம்ராவில் எல்.பி. தட்டின் ஒரு பக்கத்துக்குள் பாடவில்லையா என்றும் கேட்டார். பாடினார். தட்டில் இருந்த இடம் அவ்வளவுதான். நம் அரங்கத்துக்கு என்ன குறை?

ஜனங்கள் எழுந்து போவதைப் பற்றிச் சொன்னால், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தாலே காபிக்குக் கிளம்புகிறவர்கள் நாம். அதற்காக மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் வந்ததில், விடிய விடிய நடந்த பல விழாக்கள் போயின, நள்ளிரவு ராகமான தர்பாரியை அதற்குரிய நேரத்தில் கேட்பதே அரிதாகிவிட்டது. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே சாயங்காலத்தில் ஆறு பேரைத் திணிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் வரவில்லையே.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். இரண்டு பேரைக் குறையுங்கள், இல்லை பேச்சைக் குறையுங்கள். விளம்பித் பாடுகிறவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். சீட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் தயவுசெய்து சமம் விழுந்த பிறகு வையுங்கள். எது சமம் என்று தெரியாவிட்டால் தொண்டர் என் முகத்தைப் பார்க்கட்டும், தலையை ஆட்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்று தபலா வாசித்தவன்