ஐப்பசி மழைக்கு முன் ஓடு ஏற வேண்டும்: ஊர்ப் பொது வீட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரில் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவின் வணக்கம்.

அழகர் துணையால் மந்தைக்கு மேற்கே பொது வீட்டில் 27 தூண்களும் உத்தரங்களும் நின்றுவிட்டன. நூறடி நீளம், இருபத்துநாலடி அகலம், ஒரே கூரை. தலா 300 சதுர அடியில் ஆறு வீடுகள். மீதி 600 சதுர அடியில் பொதுச் சமையலறையும் கூடமும். பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட, தனியாகக் கிடக்கும் முதியவர்களும், தகரக் கொட்டகைக்கு வாடகை கொடுக்கும் கூலிக் குடும்பங்களும் இங்கே குடியேறுவார்கள். ஆனால் கூரை இன்னும் ஏறவில்லை. கையிருப்போ 1,12,000 ரூபாய்தான்.

மழைக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சிலர் கேட்கிறார்கள். தூண்கள் பழைய தேக்கு, வைரம் பாய்ந்தவை. ஓரடிக் கருங்கல் பீடத்தில் நிற்பதால் மண் ஈரம் ஏறாது. கரையான் வந்தாலும் கல்லின்மேல் மண்கூடு கட்டித்தான் வர வேண்டும், பார்த்ததும் சுரண்டிவிடலாம். உத்தரங்கள் அப்படியல்ல. அவை வேம்பு; வைரம் பாயாத ஓரத்து வெளிறில் உளுப்பு, அதாவது மரத்தை மாவாக்கும் பூச்சி, விழும். அதற்காக 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் என்று கலந்து இரண்டு முறை பூசியிருக்கிறோம். இந்த மருந்து மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும், கூரைக்கு அடியில் இருந்தால்தான் நிற்கும். மரத்தில் குடைந்த காடிக்குள் தண்ணீர் இறங்கினால், அதில் செருகிய கழுந்து ஊதி, காயும்போது சுருங்கி, பொருத்து ஆடும். அப்புறம் ஆப்பு அடித்தாலும் பழைய பிடிப்பு வராது.

கூரையின் சரிவைத் தாங்கும் கைமரத்துக்குப் பனை. நிற்கிற பனை எதையும் நாம் வெட்டவில்லை. ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது. இடித்த வீடுகளின் பழைய பனங்கைகளையே, அதாவது பனைக் கைமரங்களையே, பேசி வைத்திருக்கிறோம். கறுத்து இறுகியதை மட்டும் எடுப்போம், மெத்தென்ற உள்சோறு ஒட்டியிருப்பதைத் தள்ளிவிடுவோம். கான்கிரீட் போட்டிருக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: சித்திரை வெயிலில் தளத்தடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு ஓட்டின் அருமை தெரியும். இதில் ஒரு பனங்கை பழுதானால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம்.

செலவு இது. பனங்கை 140, ஒன்று 900 வீதம் 1,26,000. ஓடு பதியும் ரீப்பர் சட்டம் 3,300 அடி, 14 வீதம் 46,200. பழைய மங்களூர் ஓடு, உடைசல் சேர்த்து 5,000, ஒன்று 18 வீதம் 90,000. முகட்டோடு 80க்கு 3,200. மூன்று ஆசாரிகளுக்கு 24 நாள் கூலி, நாளுக்கு 1,100 வீதம் 79,200. பனங்கைக்கு மருந்து 2,400. ஆக 3,47,000. குறைவது 2,35,000.

நம் முன்னோர் அரசாங்கத்தை எதிர்பார்த்துக் கண்மாயைக் காத்தவர்கள் அல்ல. குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கரையில் நிற்பார். 1895இல் பெரியாறு அணை திறந்து மேலூர்ப் பக்கம் தண்ணீர் பாய்ந்த பிறகும், உள்ளூர் மடையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டது இந்த ஊர்க் கைகள்தான். வீடு கட்டினால் ஒருவர் மரம் தந்தார், ஒருவர் வண்டி தந்தார், ஆசாரிக்குக் கூலி நெல்லாகப் போனது. அந்த வழக்கம் நம்மோடு அற்றுப் போக விடலாமா?

இதுவரை தந்தவர்களை மறக்க மாட்டோம். பூர்வீக வீட்டை இடிக்கும்போது, வியாபாரி கேட்ட நல்ல விலையை விட்டுவிட்டு 27 தூண்களையும் இங்கே அனுப்பிய குடும்பத்தார்; பீடக் கல்லை இலவசமாகச் செதுக்கித் தந்த கல் தச்சர்கள்; வாரச் சேமிப்பில் மிச்சம் பிடித்து 18,000 கட்டிய மகளிர் குழுவினர்; சிங்கப்பூரிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் இளைஞர்கள்; அஸ்திவாரம் தோண்டிய நூறு நாள் வேலைக்காரப் பெண்கள், தங்கள் ஓய்வு நாளில் வந்தவர்கள் அவர்கள். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

வாக்குக் கொடுத்து இன்னும் தராதவர்கள் 31 பேர். பெயரைப் பலகையில் எழுத மனமில்லை. மொய் நோட்டில் ஐம்பது ரூபாய் பாக்கி வைத்தாலும் தூக்கம் வராத ஊர் இது. ஊர்ச் சொல்லுக்குப் பாக்கி வைக்கலாமா? 900 ரூபாய் தந்தால் ஒரு பனங்கை உங்கள் பேரில் ஏறும். முடியாதவர்கள் பத்து ஓடு, 180 ரூபாய் தாருங்கள். அதுவும் இயலாதவர்கள் ஓடு ஏற்றுகிற நாளில் ஒரு பொழுது வந்து கைமாற்றிக் கொடுங்கள்.

பழைய மரக் கடைக்காரர் 140 பனங்கையையும் ஆவணி கடைசி வரைதான் நமக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார். தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் ஊர்ச் சாவடியில் கணக்கு நோட்டு திறந்திருக்கும். கொடுத்த கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.