மண்டபம் கைவிரித்தபோது கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

சபைக் கூடத்து வாசலில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் ஒட்டியாயிற்று. முறையாக எழுதியது, ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. சொல்ல நினைத்ததில் பாதி அதில் வரவில்லை. அந்தப் பாதி எனக்குத் தமிழில்தான் வரும். தவிர, அன்று நாற்காலி தூக்கிய நம் பிள்ளைகளும், "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டுவிட்டு மறுநாளே வேனோடு வந்து நின்ற அண்ணன்களும் இதைப் படிக்க வேண்டும்.

வராதவர்களுக்காக நாலு வரி. இங்கே அமெரிக்காவில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, கறுப்பின வரலாற்று மாதத்தையொட்டி அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு கதை மாலை நடத்தினோம். 1926இல் கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் ஒரு வாரமாகத் தொடங்கிவைத்தது, 1976இல் மாதமானது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதர் அவர். நூறு வருஷம் ஆகிறதே, ஏதாவது செய்யலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நானும் நின்றேன். பெரிய வேலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மண்டபமும் அழைப்பிதழும் என் பொறுப்பு. இரண்டிலும் கோட்டை விட்டேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கையில், முன்பணம் கட்டியிருந்த மண்டபத்திலிருந்து போன் வந்தது. அதே நாளை வேறொருவருக்கும் கொடுத்துவிட்டார்களாம். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பணத்தை விரித்துப்போட்டா நூறு பேரை உட்காரவைக்க முடியும்? அன்று சாயங்காலமே எங்கள் தெருமுனைச் சபையின் பாஸ்டர் கீழ்க்கூடத்துச் சாவியை என் கையில் வைத்தார். வாடகை கேட்டேன். சிரித்தார். ஒரே ஒரு நிபந்தனை: பியானோ மேல் யாரும் தண்ணீர் டம்ளர் வைக்கக்கூடாது. ஐயா, உங்களுக்கு முதல் நன்றி. டம்ளர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும், துடைத்துவிட்டேன்.

அழைப்பிதழ் கதை இதைவிட மோசம். நான் வடிவமைத்த அட்டையில் அறுந்த சங்கிலி ஒன்றின் படம். ரொம்பப் பொருத்தம் என்று நானே மெச்சிக்கொண்டேன். இருநூறு அச்சடித்தாயிற்று. மவுண்ட் பிளசன்ட்டில் 17ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் கூடைக்கடை போட்டிருக்கும் பாட்டியிடம் முதல் அட்டையைக் கொண்டுபோனேன். ஊரில் எல்லாரும் அவரை 'மிஸ்' போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு மனசுக்குள் பாட்டிதான்.

அவர் கை வேலையை நிறுத்தவில்லை. ஸ்வீட்கிராஸ் என்ற அந்தப் புல்லை விரல் பருமனுக்குக் கற்றையாகச் சேர்த்து, சுருளாகச் சுற்றி, தேய்ந்துபோன ஸ்பூன் காம்பால் ஒரு துளை போட்டு, பனை வகை ஓலைக் கீற்றை அதில் நுழைத்து இழுக்கிறார். மறுபடி துளை, மறுபடி இழுப்பு. "அழகாகப் பின்னுகிறீர்கள்" என்றேன். "பின்னுவது இல்லை, தைப்பது" என்றார். அப்புறம் அட்டையைப் பார்த்தார்.

"சங்கிலி எங்களுக்குத் தெரியும். அந்தச் சங்கிலிக்கு நடுவே எப்படிக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள், எப்படிப் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள், அதைச் சொல்ல ஆள் வைத்திருக்கிறாயா?"

இல்லை. பாட்டி, அந்தக் கேள்விக்குத்தான் இந்த மடலே. அன்றைக்குத் தீர்மானித்திருந்த மூன்று பேச்சையும் எடுத்துவிட்டோம். அட்டையில் சங்கிலி போய்த் துடைப்பம் வந்தது. காகிதக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி அச்சடித்துக் கொடுத்த தம்பிக்கு நன்றி. ஏன் துடைப்பம் என்று நம்மவர்கள் பலர் கேட்டீர்கள். அடிமைகளாக இருந்தவர்களின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. தரையில் துடைப்பத்தைக் கிடத்தி இருவரும் கைகோத்துத் தாண்டினால் பல இடங்களில் அதுவே கல்யாணம். இன்றைக்கும் கறுப்பினத் திருமணங்களில் தாண்டுகிறார்கள். நம் வீட்டில் துடைப்பத்தைத் தாண்டினால் விளக்குமாற்றாலேயே அடி விழும், அது வேறு கதை. அந்தக் காலத்து உறுதிமொழியில் 'மரணமோ தூரமோ பிரிக்கும் வரை' என்று சொல்லவைத்த இடங்களும் உண்டு. தூரம் என்றால் விற்கப்படுவது.

அந்தத் தூரத்தைக் கடந்து தேடியவர்களின் கடிதங்களை நகலெடுத்துக் கொண்டுவந்த நூலகர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்ல என்று தெரியவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது, விடுதலை வந்தது. பலர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விற்கப்பட்ட அம்மாவையும் பிள்ளையையும் தேடுவது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை 1877இல் இதற்கென்றே ஒரு பகுதி தொடங்கியது. 50 சென்ட் கட்டினால் தேடல் அறிவிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை அதை வழிபாட்டு மேடையிலிருந்து வாசிக்கும்படி போதகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த ஜனங்களுக்கு வேறெப்படிப் போய்ச்சேரும்?

அவற்றை வாசிக்க ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்குத் தனி நன்றி. ஒத்திகையில் கடகடவென்று வாசித்தவள், மேடையில் மூன்றாவது கடிதத்தில் நின்றுவிட்டாள். எல்லாக் கடிதமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும்: என் அம்மா பேர் இன்னது, எங்களுக்கு எஜமானாக இருந்தவர் இன்னார், அவர் எங்களை இன்னாருக்கு விற்றார், கடைசியாகப் பார்த்தது இந்த ஊரில். அம்மாவைத் தேட, அம்மாவை விற்றவன் பேரை எழுத வேண்டியிருந்தது. வேறு முகவரி இல்லை. அந்தப் பெண் தண்ணீர் குடித்துவிட்டு மீதியை மெதுவாக வாசித்தாள். கூடத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

அதற்கப்புறம் எல்லாரையும் நிமிர்த்தி உட்காரவைத்தவர், துறைமுகத்தில் படகோட்டி ஓய்வுபெற்ற பெரியவர். ராபர்ட் ஸ்மால்ஸ் கதையை அவர் சொன்னது மாதிரி எனக்குச் சொல்ல வராது. மனைவி ஹன்னாவையும் மகளையும் விலைகொடுத்து மீட்க, தானும் அடிமையாக இருந்த ஸ்மால்ஸ் கேட்டார். 800 டாலர் என்றார்கள். கையில் இருந்தது 100. அவர், உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் நீராவிக் கப்பலான 'பிளான்டர்' கப்பலில் சுக்கான் பிடிக்கிறவர். 1862 மே 13, விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்க, இதே சார்ல்ஸ்டன் துறையிலிருந்து கப்பலைக் கிளப்பினார். வழியில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. ஒவ்வொரு கோட்டையையும் தாண்டும்போது சரியான சங்கு ஒலி. சம்டர் கோட்டையைக் கடந்ததும் தெற்குக் கொடியை இறக்கி, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். இல்லாவிட்டால் எதிரில் நின்ற வடக்குப் படைக் கப்பல் சுட்டிருக்கும். பெரியவர் மேடையில் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு, கேப்டன் மாதிரி கைகட்டி நின்று காட்டினார். வயது எண்பதுக்கு மேல். கைதட்டல் அடங்க நேரமானது. ஸ்மால்ஸ் பிற்பாடு அமெரிக்க காங்கிரசில் உறுப்பினரானதும், தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே வாங்கியதும் கூடுதல் இனிப்பு.

சின்னப் பிள்ளைகள், அடிமைத்தனத்திலிருந்து தப்பி அதை எதிர்த்துப் பேசிய பிரெடரிக் டக்ளஸின் கதையைச் சொன்னார்கள். பிறந்த தேதியே தெரியாதவர் அவர். அம்மா 'வாலன்டைன்' என்று கொஞ்சிய நினைவில் பிப்ரவரி 14ஐத் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். அந்த அம்மா பன்னிரண்டு மைல் தள்ளி வேறொரு பண்ணையில். இருட்டியபின் நடந்து வந்து, பிள்ளை பக்கத்தில் படுத்து, அவன் விழிக்குமுன் திரும்பி நடந்துவிடுவாளாம். வுட்சன் தன் வாரத்துக்கு பிப்ரவரியை எடுத்துக்கொண்டதற்கு லிங்கன் பிறந்தநாளோடு டக்ளஸ் பிறந்தநாளும் ஒரு காரணம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு நன்றி. என் பையன் வீட்டுக்கு வந்து, "பன்னிரண்டு மைல்னா எவ்வளவு நேரம் நடக்கணும்?" என்று கேட்டான். கூகுள் மேப்பில் பார்த்தோம். ஒரு வழிக்கே நாலு மணி நேரம்.

இனி என் அத்தை. கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்தவரை, வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அழைத்துப்போனேன். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. சபைப் பாடகர் குழுவின் அக்கா ஒருவர் ஜார்ஜியா கரையோரத்து அமீலியா டாலி பற்றிச் சொன்னார். தன் முன்னோரிடமிருந்து வந்த ஒரு பாட்டை, பொருள் தெரியாமலே பாடிவந்த பெண். 1930களின் தொடக்கத்தில் லொரன்சோ டர்னர் என்ற மொழியியலாளர் அதை ஒலிப்பதிவு செய்தார். மொழி, மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சியரா லியோனின் மெண்டே. பல பத்தாண்டு கழித்து, அதே பாட்டை அங்கே ஒரு கிராமத்தில் ஒரு பெண் தன் பாட்டியிடம் கற்றுவைத்திருந்தது தெரியவந்தது. 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊருக்கே போனார். இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டப் பாடிய பாட்டு, அங்கே சாவுச் சடங்கில் பெண்கள் பாடுவது.

அத்தைக்கு நான் காதோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "ஒப்பாரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லாம் பிடுங்கிக்கிட்டாலும் ஒப்பாரியைப் பிடுங்க முடியாது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் இன்னொன்று. பாட்டி கொண்டுவந்து வைத்திருந்தவற்றில் அகலமான வட்டத் தட்டு ஒன்று. அரிசி புடைக்கிறது. இந்தக் கரையின் நெல் வயல்களை உருவாக்கியது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பும் அவர்கள் கொண்டுவந்த அறிவும். உரலும் உலக்கையும் இந்தத் தட்டும் அதில் அடக்கம். அத்தை அதைக் கையில் எடுத்தார். "முறம்டி இது, வட்டமா இருக்கு" என்று ஒரு கை அரிசியைப் போட்டு, மணிக்கட்டைச் சுண்டி நாலு தட்டு தட்டினார். பாட்டி வாய்விட்டுச் சிரித்து, வாங்கி, தன் பாணியில் தூக்கிப்போட்டுப் பிடித்துக் காட்டினார். இருவருக்கும் நடுவே என் மொழிபெயர்ப்பு அப்போது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

சாப்பாடு: தக்காளி போட்ட சிவப்புச் சோறு, காராமணிச் சோறு, வெண்டைக்காய்க் குழம்பு, எள் பிஸ்கட். எள்ளுக்கு அவர்கள் பேர் 'பென்னி', ஆப்பிரிக்காவிலிருந்து கூடவே வந்த சொல். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்த சபைப் பெண்களுக்கு வணக்கம். நம்மவர்கள் கொண்டுவந்த புளியோதரை பத்து நிமிஷத்தில் காலி.

வேன் ஓட்டிய அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை. "உனக்கு எதுக்கு" என்று கேட்டீர்களே, அப்போது பதில் சொல்ல நேரமில்லை. எந்த நாட்டில் பிறந்தவர் எத்தனை பேர் வரலாம் என்று ஆளைத் தரம்பிரித்த பழைய ஒதுக்கீட்டை எடுத்தது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கிப் போராடிய அதே காலத்தில், அந்தப் போராட்டம் கிளப்பிய காற்றில் வந்தது. நாம் வந்த கதவு அது.

மைக் செட் தம்பி, கழிவறை கழுவிய அந்தப் பேர் சொல்லாத அம்மா, மழையில் வண்டிகளை ஒழுங்குபடுத்தி நிறுத்தவைத்த இரண்டு கல்லூரிப் பையன்கள், எல்லாருக்கும் நன்றி. மண்டபப் பணம் திரும்பி வந்துவிட்டது, சபைக் கூடத்து ஹீட்டர் பழுதுக்குக் கொடுத்துவிட்டோம்.

கடைசியாக: நீல மூடி போட்ட பெரிய டப்பா ஒன்றும், இரண்டு கரண்டியும், ஒரு குழந்தையின் இடதுகால் ஷூவும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியின் வட்டத் தட்டை மட்டும் தேட வேண்டாம். அதை அவர் அத்தைக்கே கொடுத்துவிட்டார், பெட்டியில் எப்படி வைப்பது என்று இப்போது வீட்டில் பெரிய ஆலோசனை.

அன்புடன்,
அழைப்பிதழை இரண்டு தரம் அச்சடித்தவள்