டெல்லியில் இறங்கியதும் சீட்டு பத்திரம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

விடுமுறைக்கு டெல்லி செல்வோர் கவனத்துக்கு. புதுடெல்லி ரயில் நிலைய வாசலில் 'உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது, சாலை அடைப்பு' என்று சொல்லும் ஆட்டோ, டாக்ஸிக்காரரை நம்பி ஏறினால், வண்டி நிற்பது கமிஷன் தரும் விடுதியிலோ, 'சுற்றுலா அலுவலகம்' என்று பலகை மாட்டிய கடையிலோதான். அவர் போட்டுத் தரும் போனில் பேசாதீர்கள். மறுமுனையில் கூட்டாளிதான் இருப்பார். உங்கள் போனிலிருந்தே விடுதியை அழையுங்கள்.

ஆட்டோ, டாக்ஸிக்கு முன்கூட்டியே கட்டணம் வாங்கும் ப்ரீபெய்டு கவுன்டரில் பணம் கட்டினால், ஓட்டுநருக்கான சீட்டை இடம் சேர்ந்த பிறகே கொடுங்கள். அதைக் காட்டித்தான் அவர் காசு வாங்க முடியும். முன்னதாகவே கைமாறினால் பாதி வழியில் இறக்கிவிட்டாலும் உங்களிடம் பிடி இல்லை. செயலி வண்டியா? நம்பர் பிளேட் ஒத்துப்போன பின்பே ஓடிபி. 'கேன்சல் செய்துவிட்டு ரொக்கமாகக் கொடுங்கள்' என்றால் ஏறவே வேண்டாம், பயணப் பதிவே இருக்காது. பெட்டி கனமில்லையென்றால் நிலையத்தின் அஜ்மேரி கேட் வாசல் பக்கம் மெட்ரோ இருக்கிறது.

– வாசகர், திருச்சி